உங்கள் எக்ஸியோவுக்குக் கீழே ஒரு விட்ஸ் படுத்திருக்கிறது, தெரியுமா?

திருகோணமலை உட்துறைமுக வீதியில் மாலை ஐந்து மணிக்குச் சும்மா ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். விட்ஸ் ஒன்று போகும். அதன் பின்னால் எக்குவா. ஹோர்ன் அடித்துக்கொண்டு எக்ஸியோ. ரியூஷன் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு சியன்டா. பெயர் நாலு, முகம் நாலு, விலையும் நாலு விதம். இந்த நாலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்றால் நம்புவீர்களா? கராஜில் ஜாக்கி வைத்துத் தூக்கிக் கீழே படுத்துப் பார்த்த மெக்கானிக்கைக் கேளுங்கள், அவர் சத்தியம் பண்ணுவார்!

டொயோட்டா அந்தத் தரைக்கு வைத்த பெயர் 'பி பிளட்ஃபோம்'. 2010இல் வந்த விட்ஸ், 2011 டிசம்பரில் வந்த எக்குவா, 2012இன் எக்ஸியோ, 2015இன் சியன்டா எல்லாம் அதன் மேல் எழும்பியவை. முன் சில்லின் நடுவிலிருந்து பின் சில்லின் நடு வரைக்கும் நாடா பிடித்தால் விட்ஸ் 2510 மில்லிமீற்றர், எக்குவா 2550, எக்ஸியோ 2600, சியன்டா 2750. தேவைக்கு ஏற்றபடி தரையை நீட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பின்பக்கம் இரண்டு சில்லையும் குறுக்கே இணைக்கிற டோர்ஷன் பீமைப் பார்த்தாலே குடும்ப ஜாடை தெரிந்துவிடும்.

பிளட்ஃபோம் என்றால் வெறும் அடித்தகடு என்று நினைத்துவிடாதீர்கள். எஞ்சினுக்கும் ஆட்கள் இருக்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள சுவர், எஞ்சின் தொங்குகிற மவுன்ற் இடங்கள், ஷொக் அப்சோபர் போய் ஏறும் கோபுரங்கள், ஸ்டியரிங் பெட்டி, பிரேக் மிதியின் இடம், எல்லாம் அதற்குள் அடக்கம். காரில் கண்ணுக்குப் படாத பகுதியும் அதுதான், காசு தின்னும் பகுதியும் அதுதான். புதிதாக ஒன்று செய்வதென்றால் ராட்சத அச்சுகள் வார்க்க வேண்டும், மோதிப் பார்க்கும் பரிசோதனை எல்லாம் முதலிலிருந்து நடத்த வேண்டும். ஆகவே ஒருமுறை செலவழித்துத் தரையைச் செய்துவிட்டு, அதன் மேல் முகத்தை மாற்றி மாற்றி வைத்து விற்கிறார்கள். ஃபொக்ஸ்வாகன் 2012இல் கொண்டுவந்த எம்.கியூ.பி. என்ற தரையில் மாறாமல் நிற்கும் அளவு ஒன்றே ஒன்று: முன் சில்லுக்கும் மிதிக்கும் இடையிலான தூரம்! நீளமும் அகலமும் கூட்டிக் குறைக்கலாம். கோல்ஃபும் ஓடி ஏ3யும் ஸ்கோடா ஒக்டேவியாவும் அதில்தான் நிற்கின்றன.

இப்போது எக்ஸியோவுக்குத் திரும்புவோம், ஏனென்றால் அங்கேதான் பெரிய வேடிக்கை இருக்கிறது. எக்ஸியோ என்றால் கொறோலா. கொறோலா என்றால் விட்ஸைவிட ஒரு படி மேலே என்பதுதானே நம் ஊர்க் கணக்கு? 2012இல் அந்தப் படியை டொயோட்டாவே இடித்துவிட்டது! உலகச் சந்தைக்கான கொறோலா அகலத்தில் 1775 மில்லிமீற்றருக்கு வீங்கிப் போனது. ஜப்பானிலோ 1.7 மீற்றர் அகலத்தையோ 4.7 மீற்றர் நீளத்தையோ தாண்டினால் கார் சிறிய வகையிலிருந்து வெளியே போய்விடும். அதனால் ஜப்பானுக்கென்று தனியாக ஒரு கொறோலாவை விட்ஸின் தரையில் கட்டினார்கள். அகலம் 1695. நம் நாட்டுக்கு ரிகண்டிஷனில் வந்திறங்கியது அந்த ஜப்பான் பிள்ளைதான். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குன்றும் குழியுமான ஒழுங்கைக்குள் ஒடுக்கமான கொறோலா எவ்வளவு வசதி! ஆனால் 'இது பெரிய கார்' என்று சொல்லி விலை பேசுபவரிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

புரொபொக்ஸ் இதையும் மிஞ்சும். 2002இல் வந்த புரொபொக்ஸ், 1999இன் முதலாவது விட்ஸுக்காகச் செய்த 'என்.பி.சி.' தரையில் பிறந்தது. 2014இல் அதைப் புதுப்பித்தபோது டொயோட்டா என்ன செய்தது தெரியுமா? முன்பாதிக்குப் புது விட்ஸின் பி பிளட்ஃபோம், பின்பாதிக்கு அதே பழைய என்.பி.சி.! ஒரே காரில் இரண்டு தலைமுறைத் தரை! மீன் பெட்டியும் சீமெந்துப் பையும் ஏறுகிற பின்பக்கம் பழைய மாதிரியே நன்றாகத் தாங்குகிறது, அதை ஏன் மாற்றுவான் என்று விட்டுவிட்டார்கள். நல்ல முடிவு என்றுதான் நான் சொல்வேன்.

காரின் இலக்கத்தைவிட அதிகம் பேசும் இன்னொரு எழுத்துத் தொடர் பொனட்டைத் திறந்தால் தகட்டில் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? விட்ஸ் கே.எஸ்.பி. 130, எக்குவா என்.எச்.பி. 10, புரொபொக்ஸ் என்.சி.பி. 50. மூன்றிலும் கடைசி எழுத்து 'பி' (பி பிளட்ஃபோமின் B அல்ல, P). அது குடும்ப எழுத்து. இந்த 'பி' விட்ஸோடு தொடங்கியதல்ல. அதற்கு முன்னிருந்த ஸ்டார்லட்டும் கே.பி. 61, ஈ.பி. 82 என்றுதான் போனது. (கிழக்கு மாகாண இலக்கத் தகட்டில் இருந்த ஈ.பி.க்கும் ஸ்டார்லட்டின் ஈ.பி.க்கும் எந்த உறவும் இல்லை, இரண்டையும் ஒரே காரில் பார்த்துச் சிரித்ததுண்டு.) கொறோலாவின் குடும்ப எழுத்து 'ஈ'. கே.ஈ., ஏ.ஈ., என்.இசட்.ஈ. எல்லாம் அந்த வழி. எக்ஸியோ ஹைபிரிட்டின் தகட்டில் என்.கே.ஈ. 165 என்று 'ஈ'தான் இருக்கும். பெயர் கொறோலா வீட்டுப் பெயர், தரை விட்ஸ் வீட்டுத் தரை. தகட்டையும் முழுக்க நம்ப முடியாது பாருங்கள்!

'121' என்று இலக்கத்தாலேயே நாம் கூப்பிடுகிற கொறோலாவுக்கும் பெரிய சொந்தபந்தம் உண்டு. டொயோட்டாவின் எம்.சி. தரையில் 2000இல் அது வந்தது. அடுத்த ஆண்டு அதே தரையில் பிரிமியோவும் எலியனும். 2003இல் விஷ், அதே 2003இல் இரண்டாவது பிறியஸ். கலியாண வீட்டு வாசலில் பிரிமியோ வந்து நின்றால் ஒரு மரியாதை, 121 வந்தால் இன்னொரு மரியாதை. பிரிமியோவின் மரப்பலகைப் பளபளப்புக்கும் மெத்தைக்கும் கூடுதல் காசு கொடுக்கலாம், தவறில்லை. தரைக்கென்று மட்டும் கூடக் கொடுக்காதீர்கள்.

சரி, இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் கதைக்கு வருவோம். டி.எக்ஸ். வாகன்! கே.ஈ. 72. இலங்கையில் அதைத் தெரியாத நாற்பது வயதுக்காரர் உண்டா? கலியாணம், ஆஸ்பத்திரி, கோணேசர் கோயில் பயணம், நெல்லு மூட்டை, எல்லாவற்றுக்கும் ஓடிய கார். அதன் தரை 1979இல் வந்த கொறோலா ஈ 70 வரிசையினுடையது. 1983இல் கொறோலா செடான் முன்சில்லு இழுக்கும் காராக மாறியது. ஆனால் டொயோட்டா பழைய பின்சில்லுத் தரையைத் தூக்கி எறியவில்லை. வாகன் 1987 வரை அதில்தான் ஓடியது. அதே தரையை அடியொற்றி டொயோட்டா இன்னொரு காரையும் செய்தது. அதன் பெயர் ஏ.ஈ. 86!

ஏ.ஈ. 86 என்றால் உலகமே எழுந்து நிற்கும். மலைப்பாதை வளைவுகளில் பின்பக்கத்தை வழுக்கவிட்டு ஓடுகிற 'டிரிஃப்ட்' ஓட்டக்காரர்களின் கண்கண்ட தெய்வம். 1995இல் தொடங்கிய 'இனிஷியல் டி' என்ற ஜப்பானியச் சித்திரக் கதையின் நாயகன் ஓட்டுவதும் அதைத்தான், அதுவும் தோஃபு விநியோகிக்க! முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைத்தூரம் ஏ.ஈ. 86க்கு 2400 மில்லிமீற்றர். ஈ 70க்கும் 2400. எஞ்சின் வேறு, பின்பக்கத் தொங்கலில் வேறுபாடு உண்டு, உடம்பு வேறு. ஆனாலும் சேகரிப்பாளர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அந்தக் காரும், கிண்ணியாப் பக்கம் கோழிக்குஞ்சுப் பெட்டி ஏற்றிய நம் டி.எக்ஸ். வாகனும் ரத்த உறவு! எத்தனை வாகன்களைப் பழைய இரும்புக்கு வெட்டிப் போட்டிருக்கிறோம், நினைத்தால் வயிறு எரிகிறது.

இன்னும் பின்னால் போவோமா? 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனது. அதே 1957இல் இங்கிலாந்தில் வூல்ஸ்லி 1500 என்றும் ரைலி ஒன் பொயின்ற் ஃபைவ் என்றும் இரண்டு சொகுசுக் கார்கள் வெளிவந்தன. தோல் சீற், மரப்பலகை டாஷ்போட், கனவான்களின் எடுப்பு. தரை யாருடையது? சாட்சாத் நம் மொறிஸ் மைனருடையது! 1948இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த சின்னக் கார். பத்து லட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார். பின்னாளில் மினியைச் செய்த அதே மனிதர்.

மொறிஸ் மைனருக்குத் தனிச் செசி கிடையாது, தரையும் உடம்பும் ஒன்றாகப் பற்றவைத்த கட்டு. அதனால்தான் நம் துறைமுக ஊரில் அதற்கு எமன் உப்புக்காற்று. வெளியே பெயின்ற் மினுங்கிக்கொண்டிருக்கும். சாரதிப் பக்கத்துக் கால்விரிப்பைத் தூக்கினால் தகட்டில் பொட்டுப் பொட்டாகத் துரு. கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டியைச் சுத்தியலின் பிடியால் தட்டினால் 'டங்' என்று வராமல் 'பொத்' என்று வரும். பின்பக்கத்து இலைவில் மாட்டுகிற கொளுவியடியில் விரலால் சுரண்டினால் செதில் செதிலாகக் கழன்று விழும். அந்தக் கொளுவி போனால் காரே போன மாதிரி. எஞ்சினை எப்போதும் மாற்றலாம். மைனரில் 1952 முதல் இருந்த ஏ வரிசை எஞ்சின் மினியோடு சேர்ந்து 2000ஆம் ஆண்டு வரைக்கும் உயிரோடு இருந்தது. தரை போனால்தான் கதை முடிந்தது. உப்பூரில் பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் பொனட்டைத் திறக்கக் கூடாது, முழங்காலில் குந்திக் கீழே பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இதில் நமக்குப் பெருமையான ஒரு செய்தி. இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வெயர் என்பவர் நடத்திய மொறிஸ் மைனர் நிலையத்துக்காக, தகடுகளும் உதிரிப்பாகங்களும் இலங்கையில் செய்யப்பட்டு அங்கே போயின. வெள்ளைக்காரன் செய்த காருக்கு நாம் எலும்பு செய்து கொடுத்திருக்கிறோம்!

அந்தக் காலத்துப் பெரிய கார்களும் இதே விளையாட்டுத்தான். ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட், வூல்ஸ்லி, எம்.ஜி., ரைலி என்று 1958, 59இல் ஒரே உடம்புக்கு ஐந்து மூக்கு ஒட்டி விற்றது பி.எம்.சி. கம்பனி. அதற்கு முந்திய மூன்றாம் வரிசை மொறிஸ் ஒக்ஸ்போட்டின் அச்சுகள் கடல் கடந்து மேற்கு வங்கத்து உத்தர்பாராவுக்குப் போய் அம்பாசடர் ஆகி, 2014 வரை ஓடின. அது தலைமுறை மாற்றமா, தலைமுறையை மாற்ற மறுத்ததா என்று பட்டிமன்றமே வைக்கலாம்.

பிளட்ஃபோம் கதை சொல்லிவிட்டு மாருதியை விட முடியுமா? 1983 டிசம்பரில் இந்தியாவில் பிறந்த மாருதி 800க்கு, 1986இல் ஜப்பானின் இரண்டாவது அல்டோவின் உடம்பு வந்தது. அதோடு 2014 ஜனவரி வரைக்கும் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. 2000இல் வந்த இந்திய அல்டோவுக்கும் 2012இல் 'புத்தம் புதிது' என்று வந்த அல்டோ 800க்கும் சில்லு இடைத்தூரம் எவ்வளவு? இரண்டுக்கும் 2360 மில்லிமீற்றர்! முகத்தையும் உடுப்பையும் மாற்றித் தரையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். இன்னொன்று: ஜப்பான் அல்டோவை அடியாகக் கொண்டு கொரியாவின் டேவூ 1991இல் டிக்கோ என்ற காரைச் செய்தது. அதன் எஞ்சின் வழிவந்ததுதான் பிறகு மட்டிஸில் போனது. அந்த மட்டிஸைப் பார்த்துச் செய்ததென்று சீனத்துச் செரி கியூகியூ மீது, டேவூவை வாங்கியிருந்த ஜெனரல் மோட்டோர்ஸ் வழக்கே போட்டது. அது 2005இல் சமரசத்தில் முடிந்தது. நம் வீதிகளில் ஓடிய கியூகியூவுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய பஞ்சாயத்து!

வேகன் ஆரில் ஒரு புதிர். ஜப்பான் வேகன் ஆர் சட்டப்படி 3.4 மீற்றரைத் தாண்டக் கூடாத 660 சி.சி. குட்டிக் கார். இந்திய வேகன் ஆர் 3655 மில்லிமீற்றர் நீளம், 1000 சி.சி.யிலும் 1200 சி.சி.யிலும் கிடைப்பது. சில்லு இடைத்தூரம் எதற்குக் கூட? குட்டிக்குத்தான்! 2017இன் ஜப்பான் வேகன் ஆருக்கு 2460, 2019இன் இந்திய வேகன் ஆருக்கு 2435. சில்லுகளை மூலை மூலைக்குத் தள்ளிவிட்டு உள்ளே இடம் பிடித்திருக்கிறார்கள். இரண்டும் சுசுகியின் 'ஹாட்டெக்ட்' வரிசைத் தரையில் நிற்பவை, பெயரும் ஒன்று. ஆனால் இதன் சாமானை அதற்குப் போடலாம் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஹொண்டாவின் தந்திரம் வேறு. 2001இல் வந்த ஃபிட்டில் பெற்றோல் தாங்கியைப் பின் சீற்றுக்கடியிலிருந்து எடுத்து முன் சீற்றுக்கடியில் வைத்தார்கள். அதனால்தான் பின் சீற்றின் இருக்கைப் பலகையை மேலே மடக்கி, நிமிர்த்தி ஒரு பூச்சட்டியையே வைக்க முடிகிறது. அதே ஏற்பாடு வெசலிலும் உண்டு. வெசல்காரர் தன் முன் சீற்றுக்குக் கீழே பெற்றோல் இருப்பது தெரியாமலே வருடக்கணக்காக ஓட்டுகிறார். உயரமாய், எஸ்.யூ.வி. மாதிரி எடுப்பாய் நிற்கிற வெசல் ஃபிட்டின் வழிவந்ததுதான். ஃபிட் வைத்திருப்பவர்கள் இனி நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம்.

பெரடுவா வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். எக்ஸியா மலேசியாக் கார்தான், ஆனால் அதன் உடன்பிறப்பு இந்தோனேசியாவில் டைஹட்சு அய்லாவாகவும் டொயோட்டா அக்யாவாகவும் ஓடுகிறது. இப்போது ஆசைப்பட்டு விலை கேட்கிற டொயோட்டா றைஸும் டைஹட்சு றொக்கியும் ஒரே கார், சுபாரு றெக்ஸும் அதுதான். ரெனோ கிவிட் காருக்கும் டட்சன் ரெடிகோவுக்கும் பொதுவான தரை சென்னைக்குப் பக்கத்து ஓரகடத்தில் ஓடத் தொடங்கியது. அந்தத் தரையை நீட்டித்தான் மூன்று வரிசை இருக்கையுள்ள டிரைபரைச் செய்தார்கள்.

இதில் ஒரு முரண் என்னவென்றால், உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டிருக்கும் நமக்குக் கார் கடல் வழியாக வருவதில்லை! பிரிமாவுக்குக் கோதுமை வரும், சீமெந்து ஆலைக்குக் கிளிங்கர் வரும், தாங்கிகளுக்கு எண்ணெய் வரும். கார்க் கப்பல் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் போய்விடும். நம் கார் ஏ6 வீதியில் ஹபரணைக் காட்டைத் தாண்டித்தான் ஊருக்குள் வரும்.

தரை ஒன்றானால் என்ன லாபம்? கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கேளுங்கள். கடைக்காரர் காரின் பெயரைக் கேட்க மாட்டார். "தம்பி, செசி நம்பரைச் சொல்லுங்க" என்றுதான் தொடங்குவார். எந்தப் புஷ், எந்த எஞ்சின் மவுன்ற், எந்த வீல் பெயரிங் எந்தெந்தக் காருக்குப் பொருந்தும் என்ற பெரிய அட்டவணை அவர் தலைக்குள் இருக்கிறது. லட்சக்கணக்கில் விற்ற தரையென்றால் பழைய சாமான் மலிவாகக் கிடைக்கும். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில் திறபடும் வரை இலங்கைக் கார்கள் உயிரோடு இருந்ததற்கு இந்தப் பொதுத்தன்மையும் ஒரு காரணம்.

ஆனால் நன்மை பொதுவானால் தீமையும் பொதுவாகும். டகாட்டா கம்பனி செய்த ஏயர்பேக் ஊதிகள் பத்தொன்பது கார் நிறுவனங்களின் கார்களில் போயிருந்தன. உலகெங்கும் சுமார் பத்துக் கோடி ஊதிகள் திரும்பப் பெறப்பட்டன, கார் வரலாற்றின் மிகப்பெரிய மீளழைப்பு அது. வெக்கையும் ஈரப்பதனும் சேர்ந்த இடத்தில் வருடக்கணக்காக நின்றால் உள்ளே இருக்கும் அமோனியம் நைத்திரேற்று கெட்டுப்போய், ஏயர்பேக் விரியும்போது ஊதி வெடித்து இரும்புத் துண்டுகளைச் சிதறடிக்கும். வெக்கையும் ஈரமும் என்றால் எங்கள் ஊர்தானே! மீளழைக்கப்பட்டவற்றில் பழைய விட்ஸ், 121 கொறோலா, முதல் ஃபிட் எல்லாம் அடக்கம்.

ஆகவே அந்தக் காலத்துக் கார் வைத்திருக்கிறவர்களும் வாங்கப் போகிறவர்களும் ஒரு காரியம் செய்யுங்கள். பொனட்டைத் திறந்து தகட்டிலுள்ள செசி நம்பரை முழுதாக எழுதிக்கொண்டு, அந்தக் கம்பனியின் முகவரிடம் போய் ஏயர்பேக் மாற்றியாயிற்றா என்று கேளுங்கள். அதைக் கேட்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.